பதினொரு மூச்சுத் துளைகள்

சன்னலில் படிந்திருந்த உறைபனியை நகத்தால் சுரண்டிவிட்டு எட்டிப் பார்த்தபோது, நிலா வெளிச்சத்தில் நவரானாவின் கண்ணில் முதலில் பட்டது ஆவிதான். பதினொரு துளைகளிலிருந்தும் அது ஒரே நேரத்தில் எழுந்தது.

நாய்கள் பனிக்குள் கிடப்பதில் புதிதாக ஒன்றுமில்லை. காற்று கிளம்பியதும் சறுக்குவண்டி நாய் சுருண்டு, வாலை மூக்கின்மேல் போட்டுக்கொண்டு படுத்துவிடும். மேலே பனி மூடும். மூச்சுச் சூட்டில் உருகிய ஒரு துளை மட்டும் வெளியே தெரியும். புயலடித்த இரண்டு நாட்களும் அந்தத் துளைகளைப் பார்த்துத்தான் அவள் நாய்களுக்கு உயிர் இருப்பதைத் தெரிந்துகொண்டாள். எழுப்பினால் உடம்புச் சூடு போய்விடும் என்று அந்தப் பக்கத்தில் யாரும் புயலில் நாயைத் தொட மாட்டார்கள். ஆனால் ஒவ்வொரு நாய்க்கும் மூச்சு ஒரு விதம். தலைநாய் கெர்னா வயதானவள், நிதானமாக விடுவாள். அவளுடைய கடைசி ஈற்றுக் குட்டி படபடவென்று விடும். நேற்றுவரை அப்படித்தான் இருந்தது. இன்று எல்லாம் சேர்ந்து எழும்பின, சேர்ந்து அடங்கின. அடுத்த மூச்சு வருவதற்குள் அவள் இருபதுவரை எண்ணிவிட்டாள்.

"என்னடி, சன்னலோட ஒட்டிக்கிட்டியா?" பலகைப் படுக்கையிலிருந்து அவள் புருஷன் இமினா கேட்டான். "பதினொண்ணும் இருக்கா?"

"இருக்கு."

"அப்புறம் எதுக்கு அந்த மூஞ்சி? கால் ஒடிஞ்சது எனக்குத்தானே?"

அவள் சிரிக்கவில்லை. முந்தாநாள் பனிக்கட்டி மேடுகளுக்கு நடுவே வண்டி குடைசாய்ந்து அவன் முழங்காலுக்குக் கீழே ஏறிவிட்டது. ரேடியோவும் அதிலேயே நொறுங்கிப்போனது. அவனை இழுத்துக்கொண்டு இந்தக் கரையோர வேட்டைக் குடிலுக்கு வந்து சேர்வதற்குள் புயல் பிடித்துக்கொண்டது. இப்போது அவன் கால்விரல்கள் கருக்கத் தொடங்கியிருந்தன. கானாக் ஊர் ஆஸ்பத்திரிக்கு ஒரு நாள் ஓட்டம். நாய்கள் இல்லாமல் அந்த ஓட்டம் இல்லை. நாளை தாண்டினால் கால் போகும், அதற்கடுத்த நாள் ஆளே போய்விடுவான்.

காலையிலிருந்தே தணிந்துவந்த காற்று நடுப்பகலுக்கு நின்றது. சூரியன் தலைகாட்டாத மாதம். நடுப்பகல் என்றால் தெற்கே ஒரு நீல வெளிச்சம், அவ்வளவுதான்.

"கிளம்பிடலாம்யா. நாய்ங்களைப் பூட்டிட்டு வந்து உன்னைத் தூக்கிக்கிறேன்," என்றாள்.

"பார்த்துத் தூக்கு. போன தடவ தூக்கினப்ப கால் தேவலாம், இடுப்புதான் போச்சு."

வெளியே அசாத்திய அமைதி. எல்லோரும் செய்வதுபோல அவளும் நாய்களைக் கரையை ஒட்டி உறைந்து கிடந்த கடல்பனியின் மேல்தான் கட்டியிருந்தாள். பனியில் இரட்டைத் துளை குடைந்து, அதில் சங்கிலியைக் கோத்து. அவள் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். ஒன்றும் எழவில்லை. உறைந்த வால்ரஸ் இறைச்சியை எடுத்துவைத்துக் கோடாலியால் ஒரு போடு போட்டாள். அந்தச் சத்தத்துக்குச் செத்த நாயும் எழுந்துவரும் என்று இமினா கேலி செய்வான். துண்டுகள் தெறித்துத் துளைகளுக்குப் பக்கத்திலேயே விழுந்தன. எந்தப் பனியும் அசையவில்லை. பதினொரு ஆவித்தூண்கள் மட்டும் தோள் உயரத்துக்கு எழுந்து, நின்று, மெல்லக் கலைந்தன.

நாய் மூச்சு தோள் உயரத்துக்கு எழும்பாது என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

கெர்னாவின் துளைக்குப் பக்கத்தில் மண்டியிட்டாள். நாய் வாடை இல்லை. ஆழ்கடல் சேற்றை அள்ளி அடுப்பில் வைத்துச் சுடவைத்ததுபோல ஒரு வாடை வந்தது. கெர்னாவின் சங்கிலியைத் தேடி எடுத்தாள். பனியின் மேல் படிந்து கிடக்க வேண்டிய சங்கிலி, துளைக்குள் நேராக இறங்கியது. விறைப்பாக. இழுத்தாள். இரண்டு முழம் வந்தது. அப்புறம் உள்ளேயிருந்து எதுவோ, அவசரமே இல்லாமல், அந்த இரண்டு முழத்தையும் திரும்ப எடுத்துக்கொண்டது.

கையுறையால் பனியைத் தோண்டினாள். நாய் இல்லை. ரோமம் இல்லை. ரத்தம் இல்லை. வழவழவென்று ஒரு குழி. ஈரம். வெதுவெதுப்பு. கீழே கறுப்பு.

ஆவி முகத்தில் அடித்தது.

ஓடினாள். குடிலுக்குள் விழுந்து, கதவைச் சாத்தி, தாழ்ப்பாளைப் போட்டு, முதுகை முட்டுக்கொடுத்து நின்றாள்.

"நாய்ங்க எங்கடி?"

"இல்ல."

"இல்லன்னா? பதினொண்ணும் இருக்குன்னியே."

"இல்லய்யா. ஒண்ணுகூட இல்ல. வாயத் தொறக்காத, கொஞ்ச நேரம் சும்மா இரு."

அவன் வியப்பில்லாமல் தலையாட்டினான். அதுதான் அவளைக் கதிகலங்க வைத்தது. நாய்களைப் பிள்ளைகள்போல வளர்த்தவன் அவன்.

"எனக்கு வலியே இல்ல தெரியுமா," என்றான். நிறுத்தினான். நெடுநேரம் நிறுத்தினான். "காலு சூடா இருக்கு." மறுபடியும் நிறுத்தினான். "இதமா இருக்கு."

அடுப்பில் மண்ணெண்ணெய் தீர்ந்துபோய், அறைக்குள்ளும் மூச்சு புகையாகத் தெரிந்தது. அவன் வாயிலிருந்து வெள்ளையாக ஒன்று எழுந்து, நின்று, மெல்லக் கலைந்தது. அவள் சன்னலைப் பார்த்தாள். வெளியே பதினொன்று எழுந்து, நின்று, மெல்லக் கலைந்தன. அவனைப் பார்த்தாள். எண்ணினாள். பதினெட்டு, பத்தொன்பது, இருபது.

அவனும் அவையும்.

"இமினா!" தோளைப் பிடித்து உலுக்கினாள். கன்னத்தில் அறைந்தாள். "நீயா மூச்சு விடு! உன் மூச்ச விடு!"

"விடுறேனே," என்றான், சிரித்தபடி. "நீயும்தான் விடுற."

அவள் பின்வாங்கினாள். சுவர் முட்டியது. இரண்டு கையுறைகளையும் வாயில் வைத்து அழுத்தினாள், மூக்கையும் சேர்த்து, பல்லைக் கடித்துக்கொண்டு. விடமாட்டேன். விடவே மாட்டேன். தரைப்பலகைக்கு அடியில் பனி மெதுவாக உப்பியது. பலகைகள் முனகின.

பதினெட்டு.

பத்தொன்பது.

கையுறை இடுக்குகளின் வழியே வெள்ளையாக, நிதானமாக, அவளைக் கேளாமலேயே அது வெளியே வந்தது. வெளியே பதினொன்று. உள்ளே இரண்டு.