மாமாவின் மகா கஷாயம்

வாலுவின் அம்மாவுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. கட்டிக்கொள்ள அதற்கு வேறு நாளே கிடைக்கவில்லை போலும்.

ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்த அம்மா, இன்று மாலைதான் முதன்முதலாக மைக் முன்னால் உட்கார்ந்து அறிவிப்புச் சொல்லப் போகிறாள். குரல் தேர்வில் ஜெயித்துக் கிடைத்த வேலை. இப்போது வாயைத் திறந்தால், துருப்பிடித்த கதவைத் திறக்கிற சத்தம்தான் வருகிறது.

காலையில் பார்த்த டாக்டர், "பயப்பட ஒண்ணுமில்ல. சாயங்காலம் வரைக்கும் பேசாம இருங்க. சூடா ஏதாவது குடிங்க. துளசிகூட நல்லதுதான்" என்றார்.

துணைக்குப் போயிருந்த பெரிய மாமாவின் காதில் கடைசி வாக்கியம் மட்டுமே விழுந்தது. மாமா கைப்பேசியில் மூலிகை வீடியோ பார்ப்பவர். பாதி வைத்தியர் ஆகிவிட்டதாக அவருக்கு நினைப்பு. முழு வைத்தியர் ஆகிவிட்டதாக அவருடைய பேச்சு.

"துளசின்னா சும்மாவா?" வீட்டுக்கு வந்ததும் இடுப்பில் துண்டைக் கட்டினார். "இருமல், சளி, தொண்டைக் கரகரப்பு, மூக்கடைப்பு, ஞாபகமறதி, முழங்கால் வலி, முடி கொட்டுறது..."

வாலு மாமாவின் தலையைப் பார்த்தாள். அது ஜன்னல் வெளிச்சத்தில் பளபளத்தது.

"முடிகூடவா மாமா?"

"அதுக்கு... விடாம சாப்பிடணும்" என்றார் மாமா, சமையலறைக்கு அவசரமாக நடந்தபடி.

பால்கனியில் பழைய பெயிண்ட் டப்பாவில் நின்றது துளசி. தினமும் வாலுதான் தண்ணீர் ஊற்றுவாள். உரம் கேட்காது, இடம் கேட்காது. லேசாகத் தொட்டால் போதும், விரலில் அரைநாள் மணக்கும். இத்தனூண்டு இலைக்குள் இவ்வளவு வாசனையை யார் மடித்து வைத்தார்கள் என்று அவளுக்குத் தீராத ஆச்சரியம்.

மாமா செடியை மொட்டையடித்தார். பெரிய பாத்திரத்தில் போட்டார். மூடவில்லை. அடுப்பைக் கொளுந்துவிட்டு எரியவிட்டார். கஷாயம் கொதித்தது, சுண்டியது, மறுபடி கொதித்தது.

"மருந்து இறங்க வேண்டாமா? அவசரப்பட்டா ஆகுமா?"

கடைசியில் டம்ளரில் வந்தது ரோடு போடுகிற தார் மாதிரி இருந்தது. அம்மா ஒரு வாய் குடித்தாள். கண், மூக்கு, வாய் எல்லாம் ஒரே இடத்தில் கூடின. பேசக் கூடாதல்லவா, கையாலேயே மாமாவின் கழுத்தை நெரிப்பதுபோல் காட்டினாள்.

அப்போது கதவு தட்டப்பட்டது. மேல்வீட்டுக்காரர்.

"என்ன மணம் சார்! மாடிப்படி முழுக்க துளசி வாசம். ரெண்டு நாளா அடைச்சிருந்த மூக்கு பட்டுனு திறந்துடுச்சு. ரொம்ப நன்றி!"

"பாத்தியா?" மாமா மீசையைத் தடவினார். "நம்ம வைத்தியம் மாடி ஏறிப் போய் வேலை செய்யுது!"

வாலு டம்ளரை முகர்ந்தாள். ஒரு வாசனையும் இல்லை.

'மருந்தெல்லாம் மேல்வீட்டுக்குப் போயிடுச்சு. நமக்குக் கிடைச்சது கசப்பு மட்டும்தான்.'

ஓடிப்போய்ச் செடியைப் பார்த்தாள். சுவர் பக்கமாக ஒரு சின்னக் கொம்பில் கொஞ்சம் இலை தப்பியிருந்தது. மெதுவாகக் கிள்ளினாள். கழுவி, லேசாகக் கசக்கி, கிண்ணத்தில் போட்டு, கொதித்த தண்ணீரை ஊற்றி, சட்டென்று தட்டால் மூடினாள்.

"கொதிக்க வைக்காத கஷாயமா?" மாமா பதறினார். "எந்த வீடியோவுலயும் இல்லையே!"

மாமாவின் முகம் தொங்கிப்போனது. பாவமாக இருந்தது வாலுவுக்கு.

"மாமா, முக்கியமான வேலை உங்களுக்குத்தான். வாசனை வெளிய ஓடிடாம காவல் காக்கணும். நான் சொல்றவரைக்கும் யாரும் தட்டைத் திறக்கக் கூடாது."

மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். நடுவில் தட்டை நோக்கி ஒரு கை நகர்ந்தது. அது அவருடைய கைதான். இன்னொரு கையால் அதைத் தட்டிவிட்டார்.

"இப்ப திறங்க மாமா!"

தட்டின் அடிப்பக்கம் முழுக்க முத்து முத்தாகத் துளிகள். மணம் குப்பென்று எழுந்தது. தண்ணீர் இளம்பச்சையாக இருந்தது. அம்மா அதை வெதுவெதுப்பாக, மெல்ல மெல்லக் குடித்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு பேசாமல் படுத்து ஓய்வெடுத்தாள்.

மாலையில் தொண்டையைச் செருமிப் பார்த்தாள். கரகரப்பு கொஞ்சம் மிச்சம் இருந்தது. ஆனால் குரல் வந்துவிட்டது.

"அண்ணா," என்றாள் முதல் வார்த்தையாக, "மிச்சமிருக்கிற செடியைத் தொட்டே, அவ்வளவுதான்!"

"குரல் நல்லாவே வந்துடுச்சு" என்றார் மாமா, பின்வாங்கியபடி.

அன்று மாலை வாலுவும் மாமாவும் நடைமேடையில் காத்திருந்தார்கள். ஒலிபெருக்கி கொஞ்சம் இரைந்தது. வாலு மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

"பயணிகள் கவனத்திற்கு..." அம்மாவின் குரல் கூரை முழுக்கத் தெளிவாகப் பரவியது. "ரயில் ஒரு மணி நேரம் தாமதமாக வரும்."

நடைமேடையில் எல்லோரும் முணுமுணுத்தார்கள். இரண்டு பேர் மட்டும் எழுந்து நின்று கைதட்டினார்கள்.