இரவல் பால்

அடுப்பில் மீன் சாறு கொதித்துக்கொண்டிருந்தது. இளைய மருமகள் மிச்சியோ பால் புட்டியைக் கழுவிவிட்டுத் திரும்பினாள். தொட்டிலில் குழந்தை அயுமி இல்லை.

அடுத்த அறையில் மூத்த மருமகள் கினுயே, தன் மகனைக் கிடத்திவிட்டு அயுமியை மடியில் எடுத்து, சட்டையைத் தளர்த்திக்கொண்டிருந்தாள். பால் இல்லாதவள் பிள்ளைக்குப் பால் உள்ளவள் கொடுப்பது ஜப்பானின் இந்தக் கோத்தோ தீவில் காலங்காலமான வழக்கம். மிச்சியோவுக்கு வயிறு பற்றி எரிந்தது. பாய்ந்துபோய்க் குழந்தையைப் பறித்தாள்.

"அழகு போயிடும்னு நீயும் கொடுக்க மாட்டே, கொடுக்கிறவளையும் விடமாட்டே... வைக்கப்போர் நாய் மாதிரி என்னடி பொறாமை உனக்கு?" என்றாள் மாமியார் ஹட்ஸு.

"பொறாமைதான் அத்தே, இல்லேங்கலை. ஆனா அதுக்காகப் பறிக்கலை..." மிச்சியோ அயுமியைத் தோளில் சாய்த்துக்கொண்டாள். "என் ரத்தத்துல ஒரு வைரஸ் இருக்கு, நம்ம தீவுல பல பேருக்கு இருக்காம். மாசமா இருந்தப்போ சோதிச்சுச் சொன்னாங்க. தாய்ப்பால்ல பிள்ளைக்குப் போகுமாம். நிறையப் பேருக்கு ஒண்ணும் பண்ணாது. சிலருக்கு மட்டும் அம்பது அறுபது வயசுக்கு மேல புற்றுநோயா வரும். எங்கம்மா கழுத்துக் கட்டியோட அப்படித்தான் போனாங்க."

"ஏன்டி மறைச்சே?"

"கெட்ட ரத்தம்னு ஊர் பேசும். நாளைக்கு இவளை யார் கட்டுவா?"

கினுயேவின் முகம் வெளுத்தது. "நானும் இந்தத் தீவுதானே... எனக்கு யாரும் சோதிக்கலையே."

"போன வருஷம் உங்க பிரசவத்தப்போ இந்தச் சோதனை வரலை அக்கா. உங்களுக்கும் இருக்குமோன்னு பயந்துதான் பறிச்சேன்."

கினுயே தன் மகனை வாரி அணைத்துக்கொண்டு அழுதாள். அன்றே ரத்தம் கொடுத்தாள். முடிவுக்காகக் காத்திருந்த பத்து நாளும் யாருக்கும் சோறு இறங்கவில்லை.

பதினோராம் நாள் காலை கினுயே சோதனைச் சீட்டோடு ஓடிவந்தாள். "எனக்கு இல்லையாம் மிச்சியோ! இனி பயமில்லை. அயுமியைக் கொடு, பசியாத்தறேன்."

மிச்சியோ குழந்தையை இறுக்கிக்கொண்டாள். "உங்களுக்கு இல்லேன்னதும் உசிரு வந்துச்சு அக்கா. ஆனா என் பொண்ணு உங்க மார்ல குடிக்கிறதை என்னால பார்க்க முடியாது. என்னைத் திட்டிக்கோங்க..."

யாரும் திட்டவில்லை. அதுவரை புட்டியைத் தொட்டே அறியாத ஹட்ஸு, சமையலறையிலிருந்து அதை எடுத்துவந்து, தன் மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தாள்.

"சூடு சரியா இருக்கு. உன் பொண்ணுக்கு நீயே கொடு." மருமகளின் கையில் புட்டியை வைத்த அவள் கண்கள் கலங்கியிருந்தன. "அழகுன்னு சொன்ன என் வாயில மண்ணைப் போடணும். ஊர் கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன்."