கத்தக்கூடாத வீடு

படுக்கையறைக் கதவு முழுவதும் திறக்கவில்லை.

லேசாகத் தள்ளினால் போதும், சுவரோடு போய் ஒட்டிக்கொள்ளும் கதவு அது. கீலுக்கு எண்ணெய் விட்டு, பின்பக்கத்தில் பஞ்சு ஒட்டி, இடித்தாலும் சத்தம் வராதபடி அவளே செய்து வைத்திருந்தாள். இன்று மத்தியானம் சுவரைத் தொட ஒரு சாண் இருக்கும்போதே நின்றுவிட்டது. முட்டியது என்றுகூடச் சொல்ல முடியாது. மெத்தென்று எதன் மீதோ சாய்ந்தது, அதுவும் கொஞ்சம் ஒதுங்கி இடம் கொடுத்தது போலிருந்தது. தலையணை விழுந்திருக்கும் என்று எட்டிப் பார்த்தாள். ஒன்றுமில்லை. சுவரின் வழவழப்பான பெயின்ட்டில், அவள் இடுப்பு உயரத்தில், யாரோ வாயை வைத்து ஊதியது போல வட்டமாக ஓர் ஈரம் மட்டும் இருந்தது. அவள் பார்க்கப் பார்க்கவே அது சுருங்கிக் காய்ந்துவிட்டது.

கட்டிலில் மகள் சிட்டு தூங்கிக்கொண்டிருந்தாள். ராத்திரி முழுக்க வாந்தி. கொடுத்த மாத்திரை ஒன்றுகூட வயிற்றில் தங்கவில்லை. அந்த மாத்திரைதான் அவள் இதயத்துக்கு வேலி. வேலி இல்லாத ஒரு நாள் என்றால் அது இன்றுதான். ஆஸ்பத்திரியில் படுக்கை தயாராக இருக்கிறது, புறப்பட வேண்டியதுதான் பாக்கி. ஆனால் நேற்றுவரை நன்றாக இருந்த கார் டயரில் காற்று சுத்தமாக இறங்கிக் கிடந்தது. ஆம்புலன்ஸ் வந்தால் சைரன் அலறும், காரையே மெதுவாக ஓட்டிப் போய்ப் பஞ்சர் பார்த்துவிட்டு ஓடி வருகிறேன் என்று கணவன் போயிருந்தான். இதயம் நின்றால் மின்சாரம் பாய்ச்சி எழுப்பும் பெட்டி எப்போதும் காரில்தான் இருக்கும். அதை இறக்கி வைக்க இருவருக்குமே தோன்றவில்லை.

மகளின் நெஞ்சில் ஒட்டியிருந்த வில்லைகளிலிருந்து வந்த கம்பிகள், தலைமாட்டிலிருந்த சின்னத் திரையில் பச்சைக் கோட்டை ஓட்டிக்கொண்டிருந்தன. திரையின் சத்தத்தை அவள் எப்போதோ அணைத்துவிட்டாள்.

பிள்ளைகளின் இதயம் ஏன் தாளம் தப்புகிறது என்பதுதான் டாக்டரான அவளுடைய ஆராய்ச்சி. அதிலும் ஒரு ரகப் பிள்ளைகள் அவளுடையவர்கள். பார்த்தால் கல்லுக்குண்டு மாதிரி இருப்பார்கள். ஆனால் திடுக்கென்று ஒரு சத்தம் கேட்டால், தூக்கத்தில் கேட்டால் இன்னும் மோசம், இதயம் தறிகெட்டுத் துடித்து நின்றுவிடும். 'உயிரே போயிடுச்சு' என்று ஊரெல்லாம் விளையாட்டாகச் சொல்கிற பேச்சு, இவர்களுக்கு மட்டும் விளையாட்டில்லை. இந்தப் பிள்ளைகளோடு ஒப்பிட்டுப் பார்க்க ஆரோக்கியமான குழந்தையின் பதிவு ஒன்று தேவைப்பட்டபோது, வெளியே எதற்குத் தேட வேண்டும் என்று தன் மகளையே கூட்டிப்போய்ப் படுக்க வைத்தாள். காகிதத்தில் கோடு வந்து விழுந்தது. அதே கோணல். அதே நோய்.

அன்றிலிருந்து இந்த வீட்டில் குண்டூசி விழுந்தால் கேட்கும். வாசல் மணியைக் கழற்றிவிட்டார்கள். கடிகாரத்துக்கு அலாரம் இல்லை. நாற்காலிக் கால்களுக்கெல்லாம் பழைய காலுறை. "நம்ம வீட்ல பல்லிகூட பர்மிஷன் வாங்கிட்டுத்தான் கத்தணும்" என்று கணவன் கிசுகிசுப்பான். சிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள்.

சமையலறைக்குத் தண்ணீர் எடுக்கப் போனாள். அந்தக் கதவும் ஒரு சாண் முன்னாலேயே நின்றது.

நின்று மோந்து பார்த்தாள். ஈரமான, லேசாக இனிக்கிற வாசனை, கூடவே ஸ்பிரிட்டின் காரம். நெஞ்சில் வில்லை ஒட்டும்போது தடவுகிற பசையின் வாசனை. என் உடம்பிலிருந்தே வருகிறது, எத்தனை குளித்தாலும் போவதில்லை என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இங்கே இருட்டே இல்லை. பட்டப்பகல், ஜன்னலில் வெயில் கொட்டுகிறது.

ஆனால் அந்த வாசனை அவளுக்கு வாலுவை நினைவுபடுத்தியது.

வார்டில் எல்லோரும் அவனை வாலு என்றுதான் கூப்பிட்டார்கள். வில்லைகளைப் பிய்த்து நெற்றியில் ஒட்டிக்கொண்டு திரிவான். சக்கர நாற்காலி டயர்களில் காற்றைப் பிடுங்கிவிடுவான். எந்தக் கதவைத் திறந்தாலும் அதன் பின்னாலிருந்து "பே!" என்று குதிப்பான். நர்சுகள் அலறுவார்கள், அவன் உருண்டு உருண்டு சிரிப்பான். அவள் மட்டும் ஒரு நாளும் அசைந்து கொடுத்ததில்லை.

"டாக்டரத்தை, உங்களுக்குப் பயமே வராதா?"

"எனக்கா? போடா."

"ஒரு நாள் உங்களைக் கத்த வைக்கிறேனா இல்லையா பாருங்க."

மணி கூடாது, அலாரம் கூடாது, பட்டாசு கூடாது, பலூன் கூடாது என்று அவன் அம்மாவுக்கு எல்லாம் சொல்லியனுப்பினார்கள். ஒன்றை மட்டும் யாரும் யோசிக்கவில்லை. மாத்திரை தவறிய ஒரு நாள், வீட்டில் அவன் கதவுக்குப் பின்னாலிருந்து "பே!" என்று குதித்தான். அம்மா அலறினாள். அந்த அலறல் அவனைக் கொண்டுபோய்விட்டது. "நான் கத்தலை டாக்டர்" என்று அந்த அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பத் திரும்பச் சொன்னாள். "நான் கத்தவே இல்லை. அதுவா வந்துடுச்சு."

மடித்த துணியின் மேல் போன் அதிர்ந்தது. கணவன்.

"தூங்குறாளா?" அவனும் ரகசியக் குரலில்தான் பேசினான்.

"தூங்குறா. எங்கே இருக்கீங்க?"

"கிளம்பிட்டேன். பஞ்சரெல்லாம் இல்லையாம். யாரோ காத்தைப் பிடுங்கி விட்டிருக்காங்க. வால்வு மூடியைக்கூடக் காணோம். ஆமா, அவ முழிச்சிட்டாளா என்ன?"

"இல்லையே. ஏன்?"

"உன் பக்கத்துல யாரோ சிரிக்கிறாங்களே."

அவள் போனைத் துணியின் மேல் திரும்ப வைத்தாள். நெஞ்சு அடித்துக்கொண்டது, அந்தச் சத்தம்கூட அதிகம் என்று தோன்றியது. ஓடக்கூடாது. ஓடினால் தரை அதிரும். பாதம் பதிய நடந்து படுக்கையறைக்கு வந்தாள்.

சிட்டு அசையவில்லை. பச்சைக் கோடு ஓடியது. கோணலாக, ஆனால் ஓடியது. தலையணையில், மகளின் கன்னத்தை ஒட்டி, கறுப்பாக ஒரு சின்ன மூடி கிடந்தது. எடுத்தாள். டயர் வால்வு மூடி. மேலெல்லாம் பசை பிசுபிசுத்தது.

திரும்பிப் பார்த்தாள். இங்கிருந்தே வீட்டின் கதவுகள் எல்லாம் தெரிந்தன. சமையலறை, குளியலறை, கூடத்து அலமாரி. அவள் சாத்திவிட்டு வந்தவை. இப்போது எல்லாம் திறந்திருந்தன. ஒவ்வொன்றும் ஒரு சாண் முன்னால் நின்றது.

சிரிப்பை அடக்குகிற மூச்சு கேட்டது. மூக்கு வழியாக வெடிக்கப் பார்ப்பதை உள்ளங்கையால் அமுக்குகிற சத்தம். எந்தக் கதவு என்று தெரியவில்லை.

அவனுக்குக் கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. அதுதான் அவளை நடுங்க வைத்தது. தான் எதனால் செத்தோம் என்றே அவனுக்குத் தெரியாது. பந்தயம் ஒன்று பாக்கி இருக்கிறது, அவ்வளவுதான். டாக்டரத்தை ஒரு தடவை கத்த வேண்டும்.

இங்கே. சிட்டு தூங்குகிற கட்டிலின் பக்கத்தில்.

"வேண்டாம்டா கண்ணா" என்று உதட்டை மட்டும் அசைத்தாள். "நான் தோத்துட்டேன். நீதான் ஜெயிச்சே."

சிரிப்பை அடக்கிய அந்த மூச்சு நின்றது. கேட்டுவிட்டானோ.

படுக்கையறைக் கதவு மெல்ல அசைந்தது. அதன் கீழ் விளிம்பில் ஐந்து சின்னக் கால்விரல்கள். பிறகு இல்லை.

மகளைத் தூக்கிக்கொண்டு போய்விடலாமா? தூக்கினால் விழித்துக்கொள்வாள். வாசலுக்குப் போக நான்கு கதவுகளைத் தாண்ட வேண்டும். அவர் வரட்டும். அதுவரை போதும். பின்னால் நகர்ந்தாள். முதுகு சுவரில் பட்டது. நல்லது. பின்னால் கதவு இல்லை. வெறும் சுவர். எங்கிருந்து குதித்தாலும் முன்னால்தான் குதிக்க வேண்டும். பார்த்துவிடலாம். பார்த்துவிட்டால் திடுக்கென்றிருக்காது.

இரண்டு கைகளாலும் வாயை இறுகப் பொத்திக்கொண்டாள்.

பச்சைக் கோடு. ஒரு மேடு. ஒரு பள்ளம். ஒரு மேடு.

தெருவில் கார் வந்து நின்றது. ஹார்ன் இல்லை. கதவை அவர் மெதுவாகத்தான் சாத்துவார். வந்துவிட்டார். இன்னும் கொஞ்ச நேரம். கொஞ்ச நேரம்.

சுவர் ஈரமாக இருந்தது. அவள் இடுப்பு உயரத்தில்.

வாசனை.

முதுகுக்கும் சுவருக்கும் நடுவிலிருந்து ஏதோ ஊர்ந்து மேலே வந்தது. தோளைத் தொட்டது. கன்னத்தைத் தொட்டது. சில்லென்று, பிசுபிசுவென்று, ஒரு சின்னக் கை. அது அவள் சுண்டுவிரலைப் பிடித்தது. வலிக்காமல், விளையாட்டாக, வாயிலிருந்து பிரித்தது. அடுத்த விரல். அதற்கடுத்தது.

அவள் கத்தவில்லை. அடிவயிற்றிலிருந்து அதுவாக ஏறி வந்துகொண்டிருந்தது. நெஞ்சைத் தாண்டிவிட்டது. தொண்டைக்கு வந்துவிட்டது.

சிட்டு தூக்கத்தில் புரண்டு அவள் பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

இன்னொரு சின்னக் கை மறுபக்கத்திலிருந்து வந்தது. கடைசி விரலும் வாயை விட்டு விலகியது. அவள் காதோரத்தில் யாரோ, குதிப்பதற்கு முன் குழந்தைகள் இழுப்பது போல, மூச்சை உள்ளே இழுத்தார்கள்.