வீட்டுக்கு ஊட்டிய கார்

ஒரு கார் தன் உடைமையாளரின் வீட்டுக்கே மின்சாரம் ஊட்டிய நாளை மனித குலம் என்றென்றும் நினைவில் வைத்திருக்கும். இதைத் துப்பறிவாளரிடம் அறிவித்த எரிசக்தி ஆலோசகர், அவருடைய அலுவலகத்துக்கு வியர்க்க வியர்க்க நடந்தே வந்திருந்தார்.

“கார்ல துளி சார்ஜ் இல்லை, சார். என் மச்சான் வேலைதான். வேலை தேடுறேன்னு வந்து வீட்டோட ஒட்டிக்கிட்டவன். ராத்திரி எடுத்துட்டுப் போய் ஊர் சுத்தியிருக்கான். இன்னிக்கே பெட்டியைக் கட்டுடான்னுட்டேன்.”

“திரும்ப சார்ஜ் ஏத்தலாமே?”

“காலையிலேர்ந்து கரண்ட் இல்லை. சாயங்காலம் பெட்ரோலை ஒழிப்போம்னு மாநாட்டுல வேற பேசணும்.”

“பெரிய கும்பல், சார்!” என்றான் துப்பறிவாளரின் உதவியாளன். அவனுக்கு எல்லாமே பெரிய கும்பல்தான்.

ஆலோசகர் வீட்டு வாசலில், பழைய ஸ்கூட்டருக்குப் பக்கத்தில், கட்டிய பெட்டிமேல் மச்சான் உட்கார்ந்திருந்தான். பக்கத்து வீட்டில் மிக்சி அலறிக்கொண்டிருந்தது. கார் வீட்டோடு இணைத்த ஒயரோடு நின்றது. முந்தாநாள் காரின் பெருமையைக் காட்ட நடத்திய விழாவில் தூவிய வண்ணக் காகிதங்கள் டயர்களைச் சுற்றிக் கசங்காமல் கிடந்தன. உதவியாளன் பூதக்கண்ணாடியோடு கதவில் கைரேகை தேடி, தன்னுடையதைக் கண்டுபிடித்தான்.

“சாவியை நான் தொட்டதே இல்லை, சார். அத்தான் அதைத் தலைகாணிக்கு அடியில வெச்சுத்தான் தூங்குவாரு” என்றான் மச்சான்.

துப்பறிவாளர் ஆலோசகரிடம் திரும்பினார். “விழாவுல என்ன செஞ்சீங்க?”

ஆலோசகர் முகம் பளபளத்தது. “நாப்பது பேர் முன்னாடி வீட்டு கரண்டை என் கையாலேயே நிறுத்தினேன். ஒரு விளக்கு அணையலை! கார் வீட்டைத் தாங்கிடுச்சு. காருக்குக் கொஞ்சம் சார்ஜ் மிச்சம் வைக்கச் சொன்னாங்க கம்பெனிக்காரங்க. அதையும் சைபர்ல வெச்சேன். கொடுத்தா முழுசாக் கொடுக்கணும்.”

“அப்புறம்?”

“கைதட்டினாங்க.”

“அதுக்கப்புறம்?”

“போட்டோ எடுத்தாங்க.”

துப்பறிவாளர் பெருமூச்சு விட்டார். “கார் நகரவே இல்லை. நகர்ந்திருந்தா இந்தக் காகிதம் நசுங்கியிருக்கும். தெருவுல கரண்டும் போகலை. அந்த மிக்சி என்ன, காத்துலயா ஓடுது? ரெண்டு நாளா உங்க ஏசி, கீசர் எல்லாம் குடிச்சது உங்க காரைத்தான்.”

அவர் மீட்டர் பெட்டியைத் திறந்தார். மெயின் சுவிட்சில் விழாவுக்குக் கட்டிய பட்டு நாடா அப்படியே இருந்தது. சுவிட்ச் கீழே இறங்கியிருந்தது.

மேலே தள்ளினார். வீடெல்லாம் விளக்கு எரிந்தது. உள்ளே மச்சானின் அக்காவுடைய சிரிப்பு அவசரமாக இருமலாக மாறியது.

மச்சான் பெட்டியை உள்ளே கொண்டு வைத்தான்.

கார் முழுவதும் சார்ஜ் ஏற மறுநாள் ஆகும். ஆலோசகர் மாநாட்டுக்கு மச்சானின் ஸ்கூட்டரில், பின்சீட்டில் போய் இறங்கினார். அது பெட்ரோல் ஸ்கூட்டர்.