குழியில் போட்ட முகவரி

கானாடுகாத்தானிலிருந்து பேசியவருக்குத் தன் குரல் போய்ச் சேரவில்லை என்பது, திரும்பத் திரும்ப "சொல்லுங்க சார்" என்ற பிறகுதான் தேவிகாவுக்கு உறைத்தது. அவர் குரல் இங்கே தெளிவாக வந்தது. பின்னால் புறாக்கள் சிறகடிப்பதும், ஆளில்லாத வீட்டில் பேசினால் வரும் மெல்லிய எதிரொலியும்கூடக் கேட்டன. "யாராச்சும் இருக்கீகளா? எடுத்துட்டீக, பேச மாட்டேங்குறீகளே" என்றார். கோபமாகக்கூட இல்லை. தேவிகா எழுந்து நின்று சத்தமாகப் பேசினாள். அவர் சற்று நேரம் காத்திருந்துவிட்டு வைத்தார். மறுபடி அடித்தார். மறுபடியும் அதே.

அவர் பெயர் சத்தியமூர்த்தி. மலேசியாவில் இருக்கும் ஒரு குடும்பத்துக்காகக் கானாடுகாத்தானில் பெரிய வீடொன்றைப் பார்த்துக்கொள்பவர். அவருடைய இணைப்பைக் காலையில் மூடியது தேவிகாதான். ஆனால் மூடியது இன்டர்நெட்டை. அவர் பேசுவது செல்போனில், வேறொரு கம்பெனியின் டவரில். இதற்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

வீரபாண்டியன் ஹைஸ்பீட் நிறுவனம் காரைக்குடியில் ஒரு பழைய வீட்டின் பின்கட்டில் நடந்துவந்தது. முதலாளி வீரபாண்டியன் கேபிள் டிவியில் தொடங்கி நெட்டுக்கு வந்தவர். நிறுவனர், தலைவர், தலைமைத் தொழில்நுட்ப அதிகாரி என்று விசிட்டிங் கார்டில் மூன்று பேராக இருந்தார். முன்பு நெல் கொட்டிவைத்த அறைக்கு 'நெட்வொர்க் ஆபரேஷன்ஸ் சென்டர்' என்று ஃபிளெக்ஸ் அடித்து மாட்டியிருந்தார். பேட்டரிச் சூட்டையும் மீறி அந்த அறையில் நெல் உமியின் வாசம் இன்னும் மிச்சமிருந்தது. சுவரில் இரண்டு திரைகள். ஒன்றில் ஊரின் நெட் ஓட்டம் பச்சைக் கோடுகளாக ஓடும். மற்றதில் சீரியல் ஓடும். மூலையில் 'முறைகேடு புகார்ப் பிரிவு' என்று பித்தளைப் பலகை வைத்த மேசை. பிரிவு என்பது தேவிகா ஒருத்திதான்.

இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. எங்கோ இருக்கும் எவனோ ஒரு வீட்டு இணைப்பைக் குறிவைத்துக் குப்பைத் தகவலை வெள்ளமாக அனுப்புவான். அந்த வெள்ளத்தில் ஊர் மொத்தத்துக்கும் நெட் படுத்துவிடும். அடிக்கிறவனைப் பிடிக்க முடியாது. அவன் ஆயிரம் இடத்திலிருந்து அடிப்பான். ஆகவே அடி வாங்குகிறவரை மூடிவிடுவார்கள். அவர் இணைப்பின் முகவரியை, அதாவது நெட்டில் அதற்குரிய எண்ணை, கணினியில் எழுதிப் போட்டால் போதும், அவருக்கென்று வருவதெல்லாம் வழியிலேயே காணாமல் போகும். அவர் அனுப்புவது போகும். பதில்தான் வராது. பதில் அனுப்பியவருக்கும் அது சேரவில்லை என்று தெரியாது. ஆபீசில் இதைக் குழியில் போடுவது என்பார்கள். வெளியாட்களிடம் வீரபாண்டியன் இதையே 'நவீன பாதுகாப்புக் கவசம்' என்பார்.

அன்று காலை சத்தியமூர்த்தியின் முகவரியில் அடி விழுந்தது. வேறு நாளாக இருந்தால் கொஞ்சம் பொறுத்துப் பார்த்திருப்பாள். அன்று பிற்பகலில், புகாரே இல்லாத சேவைக்காக, வணிகர் சங்கம் ஒன்று வீரபாண்டியனுக்கு 'இணையச் செம்மல்' பட்டம் கொடுக்க இருந்தது. கல்யாண மண்டபத்தில் விழா. ஊர் முழுக்க நேரலை. குழியில் போடச் சொன்னார், போட்டாள்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில், வெயில் முற்றத்து ஓடுகளில் கொதித்து, தெருவில் ஒரு சைக்கிள்கூட ஓடாமல் அடங்கிக் கிடந்தபோது, சத்தியமூர்த்தி மறுபடி அழைத்தார். இப்போது அவர் எதையும் கேட்கவில்லை. காலையிலிருந்து நடந்ததை வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனார்.

"பால்காரரு வந்தாரு. வாய அசைக்கிறாரு, சத்தம் வரல. புறா கத்துறது கேக்குது. ரோட்டுல பஸ்ஸு போறது கேக்குது. எனக்குன்னு பேசுறது மட்டும் வரல."

தேவிகாவின் கையிலிருந்த சோறு அப்படியே நின்றது.

வீரபாண்டியனை அழைத்து, அந்த முகவரியைத் திறந்துவிடலாமா என்று கேட்டாள். அவர் சால்வைக்குப் பொருத்தமான சட்டை பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு ஆளுக்காக ஊரை நிறுத்துவதா என்றார். "காது கேக்கலைன்னா காது டாக்டர்ட்டப் போகச் சொல்லு தேவிகா. அதுக்கும் நம்மதான் சர்வீஸ் குடுக்கணுமா?"

கானாடுகாத்தான் பக்கம் கம்பி இழுக்கப் போயிருந்த லைன்மேன் வேல்பாண்டியைச் சத்தியமூர்த்தி இருக்கும் வீட்டுக்குப் போய்ப் பார்க்கச் சொன்னாள். வேல்பாண்டி எதற்கும் சிரிக்கிறவன். அங்கிருந்து அவன் கூப்பிட்டபோது சிரிப்பு இல்லை.

"எதுக்க நின்னு பேசுறேன்க்கா. என் வாயவே பாக்குறாரு. 'நீயும் பேச மாட்டியா'ங்குறாரு. அழுகுறாருக்கா."

அழைப்பை வைக்கச் சொல்லாமல், தேவிகா அந்த முகவரியைக் குழியிலிருந்து எடுத்தாள். ஏன் எடுத்தாள் என்று யாராவது கேட்டிருந்தால் சொல்லியிருக்க மாட்டாள், சொன்னால் சிரிப்பார்கள். விசைப்பலகையைத் தட்டிய அடுத்த நொடி போனுக்குள் ஒரு பெரிய மூச்சு. பிறகு சத்தியமூர்த்தியின் குரல், வேல்பாண்டியின் குரல், இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து பேசின. அவர் வேல்பாண்டியின் பெயரைக் கேட்டார். ஊரைக் கேட்டார். சாக்கோட்டையில் எந்தத் தெரு என்று கேட்டார். பதில் வருகிறது என்பதற்காகவே கேட்டார்.

திரையில் பச்சைக் கோடு சிவந்தது. வெள்ளம் உள்ளே வந்துவிட்டது.

பக்கத்துத் திரையில் சீரியலுக்குப் பதில் விழா ஓடிக்கொண்டிருந்தது. "நமது சேவையில் தடை என்ற பேச்சுக்கே..." என்று மேடையில் தொடங்கிய வீரபாண்டியன், படத்தில் வாய் திறந்தபடி உறைந்து நின்றார். சால்வை போர்த்த வந்த கைகளும் அந்தரத்தில் நின்றன. அப்புறம் புகார்கள். மேசையின் மூன்று போன்களும் ஒன்றாக அடித்தன. மெயில்கள் ஒன்றின் தலையில் ஒன்று ஏறி வந்தன. தேவிகா எதை எடுப்பதென்று தெரியாமல் எதையோ எடுத்து, மன்னிப்புக் கேட்டு, வைத்து, அடுத்ததை எடுத்தாள்.

திடீரென்று எல்லாம் நின்றன.

படம் நகர்ந்தது. வீரபாண்டியன் ஒரு கையில் கேடயமும் மறு கையில் செல்போனுமாக நின்று, திரையை விரலால் தட்டிக்கொண்டிருந்தார். விருந்தினருக்குக் காட்டி மகிழ்வதற்கென்றே அவர் வைத்திருந்த செயலி அது. ஒரே தட்டில் எந்த முகவரியையும் குழியில் தள்ளலாம். சுவர்த் திரையில், குழியில் போட்டவற்றின் பட்டியலில் இரண்டு முகவரிகள் புதிதாகத் தோன்றின. முதலாவது சத்தியமூர்த்தியுடையது. அடுத்தது எங்கோ பார்த்ததாக இருந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் அது எது என்று தெரிந்தது.

புகார்ப் பிரிவின் முகவரி. அடி வாங்குகிற இடத்தை மூடுவதுதானே வழக்கம்.

முதலில் நிம்மதியாகத்தான் இருந்தது. மின்விசிறி கடகடத்தது. மேடையில் கைதட்டல் கேட்டது. புகார் எண்ணிக்கை பூஜ்யம் என்று யாரோ அறிவித்தார்கள். தெருவில் உப்பு விற்கிறவர் கூவிக்கொண்டு போனார். எல்லாம் கேட்கிறதே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, தன் முகவரியை எடுக்க உட்கார்ந்தாள். கடவுச்சொல்லைத் தட்டினாள். கணினி சும்மா இருந்தது. அவளுக்கு வர வேண்டிய பதில் குழியில் விழுந்துகொண்டிருந்தது.

போனை எடுத்து வீரபாண்டியனை அழைத்தாள். மணி அடிக்கிறதா, எடுத்தாரா, திட்டினாரா, ஒன்றும் தெரியவில்லை. காதில் வெறும் அடைப்பு. பித்தளைப் பலகையில் தன் முகம் தெரிவதைப் பார்த்தாள். உதடுகள் "அண்ணே, அண்ணே" என்றன.

கானாடுகாத்தானிலிருந்து வேல்பாண்டி வந்து சேர்ந்தபோது வியர்வையில் நனைந்திருந்தான். வாசலில் நின்று அவளைப் பார்த்து வாயசைத்தான்.

சத்தம் வரவில்லை.

தேவிகா சிரிக்க முயன்றாள். விளையாடாதே என்றாள். அவன் இன்னும் வேகமாக வாயசைத்தான், கையை ஆட்டினான். பிறகு அவனுக்குப் புரிந்தது, முகம் வெளுத்தது. அவள் சொல்லச் சொல்ல, இன்னொரு கணினியில் அவளுடைய கடவுச்சொல்லைத் தட்டினான். 'அனுமதி இல்லை' என்று வந்தது. அதையும் அண்ணன் பிடுங்கியிருந்தார். வேல்பாண்டி போனை எடுத்துப் பேசினான். அதை மட்டும் அவளால் கேட்க முடிந்தது. அது அவளுக்கான பேச்சு அல்ல.

"அண்ணே, மாலைய அப்பறம் போட்டுக்கங்க. அங்க ஒருத்தரு, இங்க அக்கா. இல்லண்ணே. குடிக்கலண்ணே. அண்ணே? அண்ணே?"

போனைப் பார்த்தான். வைத்துவிட்டார். மறுபடி அடித்தான். அணைத்துவிட்டார்.

வாசலில் பள்ளி வேன் நின்றது. அந்த ஹாரன் கேட்டது. கதவு இழுபடும் சத்தம் கேட்டது. தினமும் இந்த நேரத்துக்கு இங்கே வந்து இறங்குகிற மகள் கீர்த்தி, இரண்டாம் வகுப்பு, டிரைவரிடம் டாட்டா சொன்னது கேட்டது. செருப்பு ஓடிவரும் ஓசை. முற்றம். நடை. கதவு.

கீர்த்தி அம்மாவைப் பார்த்தாள். வாய் திறந்தது.

ஒன்றுமில்லை.

"சொல்லுடி" என்றாள் தேவிகா.

வாய் அசைந்தது. சின்ன உதடுகள். விழுந்த முன்பல்லின் இடைவெளி. புருவம் சுருங்கியது.

"சொல்லுடி கண்ணு. அம்மாட்டச் சொல்லு."

கீர்த்தி வேல்பாண்டியின் பக்கம் திரும்பினாள். திரும்பியதும் குரல் வந்தது, நடுங்கிக்கொண்டு. "நான் சொல்லிட்டுத்தான மாமா இருக்கேன். அம்மா திருப்பித் திருப்பிக் கேக்குது."

மறுபடி அம்மாவிடம் திரும்பினாள். குரல் அறுந்தது.

தேவிகா மண்டியிட்டாள். இரண்டு கைகளையும் நீட்டினாள். குழந்தை ஓடிவந்து கழுத்தைக் கட்டிக்கொண்டது. கட்டிக்கொண்டதைக் கண்ணால் பார்த்தாள்.

பாரம் இல்லை. சூடு இல்லை. பள்ளிச் சட்டையின் வியர்வை வாசம் இல்லை.

கீர்த்தி விலகினாள். அம்மாவின் முன்கையை இரண்டு கைகளாலும் பிடித்து உலுக்கினாள். கை ஆடியது. யாருடைய கையோ ஆடுவதுபோல் ஆடியது. நகங்கள் பதிந்தன. தோல் குழிந்தது. கிழிந்தது. ஒரு சொட்டு ரத்தம் திரண்டு, மணிக்கட்டு வரை வழிந்தது.

வலிக்கவில்லை.

கீர்த்தியின் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. முகம் சிவந்திருந்தது. வாய் முழுதாகத் திறந்து, அம்மாவின் முகத்துக்கு நேராக, மூச்சை இழுத்து இழுத்துக் கத்திக்கொண்டிருந்தாள். அறையில் மின்விசிறி கடகடத்தது.