எல்லைக்கல்லுக்குக் கீழே ஒரு வீடு

அக்கா வீட்டுப் படுக்கையறைக் கதவு மறுபடியும் தரையில் உரசியது. தச்சரைக் கூப்பிட்டு அடிப்பகுதியை இழைத்தாகிவிட்டது என்று போன முறையே அக்கா சொல்லியிருந்தாள். இப்போது அந்த இழைத்த விளிம்பே சிமெண்டைக் கீறி, பிறை போல ஒரு வெள்ளைக் கோடு போட்டிருந்தது.

"மழைக்கு மரம் ஊதியிருக்கும்க்கா" என்றாள் தங்கை.

"மரம் ஊதினா பக்கத்துலயும் பிடிக்கணுமேடி. அடியில மட்டும்தானே பிடிக்குது."

தங்கைக்குச் சுரங்க ஆய்வு அலுவலகத்தில் வேலை. நிலக்கரியை எடுத்து முடித்த மலையைக் கம்பெனி ஒழுங்காக மூடியிருக்கிறதா என்று பார்த்துச் சான்று தர வேண்டும். வீட்டுக்குப் பின்னால் எழும் சரிவை அன்று காலைதான் நடந்து பார்த்தாள். சாய்வு சரி, புல் சரி, வடிகால் சரி. சரிவின் அடியில் நட்ட எல்லைக்கல்லோடு ஆய்வு முடிந்துவிடும். ஓடையின் மேல் கொட்டி நிரப்பிய அத்தனை பாறைக் கழிவும் பள்ளத்தாக்கின் தரையை என்ன செய்கிறது என்று பார்ப்பது யாருடைய வேலையும் இல்லை. அக்காவின் வீடு கல்லுக்குக் கீழே இருந்தது. மதியமே தங்கை சான்றில் கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

உள்ளே அத்தான் இருமினார். அதே சுரங்கத்தில் வாங்கிய இருமல்.

"ஆபீசரம்மா வந்தாச்சா? மலை பாஸா?"

"பாஸ்தான் அத்தான்."

"மொட்டை மலைக்கே கம்பெனிக்காரன் புல் முளைக்க வெச்சுட்டான். என் தலையிலயும் கொஞ்சம் விதை தெளிச்சுட்டுப் போகச் சொல்லு."

அக்கா சிரித்தாள். பிறகு தங்கையைச் சமையலறைப் பக்கம் இழுத்து, குரலைத் தாழ்த்தினாள்.

"நிஜத்தைச் சொல்லு. பக்கத்து வீடெல்லாம் காலி. இவரைத் தூக்கிட்டுக் கிளம்புறது லேசில்ல. நீ போன்னா இப்பவே வண்டி சொல்றேன். இருன்னா இருக்கேன்."

தங்கை குனிந்து தரையைப் பார்த்தாள். காலடியில் சிமெண்ட் இளஞ்சூடாக இருந்தது. ஈரக் கரியும் தீக்குச்சியும் கலந்த வாடை எங்கிருந்தோ வந்தது. மேலே ஏற்றிய பாரம் கீழே எங்காவது பிதுங்கித்தான் ஆக வேண்டும். இது அவள் படித்த முதல் பாடம். ஆனால் 'போ' என்றால், மதியம் போட்ட கையெழுத்து என்ன ஆகும்? மேலதிகாரி கேட்பார். தான்தான் மிகையாகப் பயப்படுகிறோமோ என்னவோ.

"ஒண்ணும் ஆகாதுக்கா."

"நீ சொன்னா சரி."

அக்காவின் முகம் அப்படியே தளர்ந்தது. அத்தானுக்கு மார்பு தேய்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் படுக்கிறேன் என்று உள்ளே போனாள். ஈரக்காற்று அவருக்கு ஆகாது. கதவைத் தோளால் தள்ளி மூடினாள்.

வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. மழை ஓட்டுச் சார்ப்பில் சன்னமாக விழ, அந்தச் சத்தத்துக்கு அடியில், அதைவிடப் பொறுமையாக, தூக்கத்தில் ஒருவர் கடைவாய்ப் பல்லை நறநறவென்று கடிப்பது போல இன்னொரு சத்தம் வந்துகொண்டிருந்தது. தங்கை மூச்சை அடக்கிக் கேட்டாள். சமையலறையில் இல்லை. வாசலில் இல்லை.

கதவுக்குப் பின்னால்.

"அக்கா?"

"ம்." தூக்கக் கலக்கத்தில் ஒரு முனகல்.

அந்தக் குரல் கட்டில் உயரத்திலிருந்து வரவில்லை. தங்கையின் தலை உயரத்திலிருந்து வந்தது.

கதவைத் தள்ளினாள். அசையவில்லை. தோளைக் கொடுத்தாள். அடிப்பலகை விரிந்து பிளந்தது. பிளவுக்குப் பின்னால் அறை தெரியவில்லை. சாம்பல் நிறச் சிமெண்ட்தான். சுவர் போல.

"அக்கா, எழுந்திரு! வெளியே வா!"

அத்தானின் இருமல். இன்னும் மேலே.

முக்காலியை இழுத்தாள். ஏறினாள். கதவுக்கு மேலே ஒரு சின்னக் கண்ணாடி ஜன்னல். புறங்கையால் துடைத்தாள்.

அவள் கண்ணுக்கு நேரே தரை. காலையில் பெருக்கிய சுத்தமான தரை. அதன்மேல் கால் மடங்கிய கட்டில். கட்டிலுக்கும் கூரைக்கும் நடுவில் அவர்கள் இருவரும். அத்தான் இருமவில்லை. அக்காவின் உள்ளங்கை அவர் மார்பைத் தேய்த்தபடியே இருந்தது. அவள் கன்னம் கூரையில் பதிந்திருந்தது. கண் திறந்திருந்தது. தங்கையைத்தான் பார்த்தது, துளி சந்தேகம் இல்லாமல்.

தரை இன்னும் ஏறிக்கொண்டிருந்தது.