சிங்கத்தின் பின்னங்கால்கள்

மாசி மாதத்து முழுநிலா நாகைக் கடலிலிருந்து எழுவதற்கு இன்னும் ஒரு நாழிகை இருந்தது. மேற்கே செவ்வானம் அடங்கிக்கொண்டிருக்க, கரை நெடுக நின்ற மரக்கலங்களின் பாய்மர நிழல்கள் நீண்டு நீண்டு அலைகளோடு கலந்துகொண்டிருந்தன. கடலாடி முடித்த தெய்வங்களின் பல்லக்குகள் ஒரு பக்கம், திருவிழாக் கடைகளின் ஆரவாரம் ஒரு பக்கம் என ஊரே கரையில் கூடியிருந்த அந்த வேளையில், சீன வணிகர் விடுதியின் முன்னே மட்டும் வேறோர் உலகம் கண்விழித்துக்கொண்டிருந்தது. மூங்கில் கழிகளில் கட்டிய பட்டுக் கூண்டு விளக்குகள் சிவப்பும் பொன்னிறமுமாக ஆயிரத்துக்கு மேல் எரிந்தன. சீனத்தார் தங்கள் புத்தாண்டு பிறந்த பதினைந்தாம் நாள் கொண்டாடும் விளக்குத் திருவிழாவும் நம்முடைய மாசி மகமும் அவ்வாண்டு ஒரே நாளில் வந்து வாய்த்திருந்தன.

இத்தனை அழகுக்கு நடுவே ஒருவன் முகத்தைச் சுளித்துக்கொண்டு நின்றான் என்றால், வாசகர்களே, அவன்மீது கோபம் கொள்ளாதீர்கள். துறைமுகக் காவல் தலைவனான விடங்கனுக்கு இரண்டு நாளாக உறக்கம் இல்லை. திருவாரூர்க் கோயிலின் ஆடல்மகள் உமையாழ்வி காணாமற்போனாள் என்றும், அவளை உயிரோடோ பிணமாகவோ பிடித்துத் தரவேண்டும் என்றும் அரண்மனை ஓலை வந்திருந்தது. ஏன் என்று ஓலை சொல்லவில்லை. ஓலைகள் எப்போதுதான் ஏன் என்று சொல்லியிருக்கின்றன?

விடங்கனின் பழைய கதையையும் சொல்லிவிட வேண்டும். அவன் முழவு வாசிப்பவரின் மகன். மூன்று ஆண்டுகள் உமையாழ்வியின் ஆட்டத்துக்கு அவனே முழவு வாசித்தான். வாளெடுத்துப் பேரெடுத்தால் அவளைப் பெண் கேட்கலாம் என்ற பேராசையில்தான் முழவைக் கீழே வைத்துவிட்டுப் படையில் சேர்ந்தான். அப்படிப்பட்டவனிடமே அவளைப் பிடிக்கும் வேலை வந்து சேர்ந்தது. விதிக்கும் வேடிக்கை பார்க்க ஆள் வேண்டியிருக்கிறது போலும்!

கடாரம் வழியாகச் செல்லும் சீன மரக்கலம் நிலா எழுந்ததும் புறப்பட வேண்டும். மூன்று முறை அதைத் துழாவியும் அவள் அகப்படவில்லை. ஆனாலும் தண்டநாயகர் விழுப்பரையருக்குச் சந்தேகம் தீரவில்லை. நரைத்த மீசையை நீவியபடி முன்வரிசை ஆசனத்தில் அமர்ந்திருந்தார் அவர். ஓடிப்போனவள் அந்தக் கப்பலில் இருந்தாளானால் கப்பலில் உள்ள அறுபது பேருக்கும் கழுமரம்தான் என்று காலையிலேயே சொல்லியிருந்தார்.

முதலில் குழலிசை எழுந்தது. கூடவே, மடியில் நிறுத்தி வாசிக்கும் நான்கு நரம்புக் கருவியொன்று மழைத்துளி விழுவதுபோல் சிதறிச் சிதறி ஒலித்தது. எட்டுப் பெண்கள் வந்தார்கள். அவர்களுடைய சட்டைக் கைகள் ஒவ்வொன்றும் இரண்டு ஆள் நீளம். அவற்றை அவர்கள் வீசியெறிந்தபோது வெண்பட்டு வானில் எழுந்து, ஒரு கணம் அங்கேயே நின்று, பிறகு மெல்ல மெல்ல இறங்கியது. கூடியிருந்த மக்கள் மூச்சை அடக்கிக்கொண்டார்கள். கடலை விற்றுக்கொண்டிருந்தவன் அளந்த படியைக் கையில் பிடித்தபடியே நின்றுவிட்டான். விடங்கனும் தன் கவலையை மறந்தான். இப்படியும் மனிதர்கள் உண்டா, இப்படியும் ஒரு கலை கடலுக்கப்பால் வளர்ந்திருக்கிறதா என்று அவன் உள்ளம் உருகியது.

பிறகு பெருமுரசு அதிர, வெண்கலத் தாளங்கள் முழங்க, சிங்கம் வந்தது. பொன்னிறப் பிடரி மயிரும் உருளும் கண்களும் கொண்ட அந்தச் சிங்கத்துக்குள் இரண்டு பேர். முன்னங்கால்கள் ஒருவருடையவை, பின்னங்கால்கள் மற்றவருடையவை. குழந்தைகள் அலறினார்கள், அலறிக்கொண்டே இன்னும் நெருங்கி வந்தார்கள். அது படுத்தது, உடம்பை உதறியது, திடீரென்று எழுந்து ஆள் உயரம் பாய்ந்தது. உள்ளே மனிதர்கள் இருப்பதை அறிந்தவர்களும் கைகூப்பினார்கள்.

முரசு ஒரு சுற்று முடிந்து ஓய்ந்தது. முன்னங்கால்கள் முரசோடு நின்றன. பின்னங்கால்கள் மட்டும் நிற்கவில்லை. 'தத்தித் தகிட தொம்' என்று மூன்று முறை தட்டி முடித்தே நின்றன. மூன்றாவது முறை இடது குதிகால் அரை மாத்திரை பிந்தி விழுந்தது.

விடங்கன் நிமிர்ந்தான். அந்தக் குதிகாலை அவன் அறிவான். அந்த அரை மாத்திரைக்காக மூன்று ஆண்டுகள் கையை உயர்த்திக் காத்திருந்தவன் அல்லவா அவன்! திருவாரூரில் ஆடிப் பழகிய கால்களுக்கு, மும்முறை தட்டி முடிக்கும் தீர்மானம் வைக்காமல் ஆட்டத்தை முடிக்கத் தெரியவில்லை. திரும்பிப் பார்த்தான். தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்த விழுப்பரையரின் விரல்கள் நின்றிருந்தன. அவருடைய புருவம் உயர்ந்திருந்தது. அவர் திருவாரூர்ச் சபையில் ஓர் ஆட்டத்தையும் தவறவிடாதவர்.

இன்னொரு முறை அந்தக் கால்கள் அப்படித் தட்டினால் போயிற்று. விடங்கன் யோசிக்கவில்லை. பல்லக்கோடு வந்திருந்த மேளக்காரரிடமிருந்து முழவைப் பிடுங்காத குறையாக வாங்கித் தோளில் மாட்டினான். அடுத்த சுற்று முடியும் இடத்தில், கால்கள் தன் முழவுக்கு ஆடுவதாகவே தெரியட்டும் என்று, முரசு ஓயுமுன்னே அவனே தீர்மானத்தைத் தொடங்கினான். பின்னங்கால்கள் ஒரு கணம் தயங்கின. பிறகு அவன் கையோடு சேர்ந்துகொண்டன. சீன முரசுக்காரர் சிரித்தபடி வழிவிட்டார். முழவு கேட்டது, முரசு பதில் சொன்னது, சிங்கம் இரண்டுக்கும் ஆடியது. இரண்டு நாட்டு விருந்தும் ஒரே இலையில் விழுந்தது என்றே மக்கள் நினைத்து ஆர்ப்பரித்தார்கள். விடங்கனின் கண்களில் நீர் நிறைந்தது. இனி இந்தக் கால்களுக்கு வாசிக்கவே மாட்டோம் என்று எண்ணியிருந்தவன் அவன்.

மரியாதைக்குரியவரைச் சிங்கம் மூன்று முறை வலம்வருவது சீனத்தார் வழக்கம். அது விடங்கனைச் சுற்றி வந்தது. பட்டுத் துணிக்குள்ளிருந்து மெல்லிய குரல் எழுந்தது.

"விடங்கரே, நான் ஆடல்மகளாகப் பிறந்தவள் அல்ல. கடாரத்து அரசரின் மகள். ஐந்து வயதில் பணயமாக இங்கே கொண்டுவரப்பட்டேன். என் தந்தை இறந்துவிட்டார், தம்பி தொட்டிலில் இருக்கிறான். நான் போய்ச் சேராவிட்டால் அவனை வாழவிடமாட்டார்கள்."

விடங்கனின் கைகள் வாசித்துக்கொண்டே இருந்தன. சிங்கம் மறுபடி சுற்றியது.

"பிடித்துக்கொடுப்பதானால் இங்கேயே, கரையிலேயே கொடுங்கள். கப்பலில் வேண்டாம். இந்த அறுபது பேரும் சாகக்கூடாது."

மூன்றாவது சுற்றில் அந்தக் குரல் மறுபடி எழுந்தது.

"கடாரத்தில் நல்ல முழவு கிடையாது."

கடலில் நிலா எழுந்தது. சிங்கம் ஆடிக்கொண்டே மரக்கலத்தின் ஏறுபலகையை அடைந்தபோது விழுப்பரையர் எழுந்து கையை உயர்த்தினார். துணியை விலக்கிக் காட்டச் சொன்னார். பயணம் புறப்படும் நாளில் கரையில் சிங்கத்தின் உடையைக் களைவது கப்பலுக்கு ஆகாது என்று கப்பல் தலைவர் லியூ மன்றாடினார்.

தண்டநாயகர் விடங்கன் பக்கம் திரும்பினார். "உள்ளே இருப்பவர்கள் யார், விடங்கா?"

"சீனத்துக் கூத்தர்கள், தண்டநாயகரே. என் தலை பிணை."

அவர் பார்வை அவன் தோளில் தொங்கிய முழவின்மேல் விழுந்தது. பிறகு கையைத் தாழ்த்தினார். சிங்கம் பலகையில் ஏறி மறைந்தது. பாய்கள் விரிந்தன, விளக்குகள் தொங்கும் அந்த மரக்கலம் நிலவொளிப் பாதையில் இறங்கிப் போயிற்று. அது கைக்கெட்டாத தொலைவுக்குப் போகும்வரை இருவரும் கரையிலேயே நின்றார்கள்.

"மூன்றாவது முறை இடது குதிகால் பிந்தியது. எனக்குக் காது கேட்காது என்று நினைத்தாயா?" என்றார் விழுப்பரையர்.

விடங்கன் உடைவாளைக் கழற்றி அவர் காலடியில் வைத்தான். "பொய்தான் சொன்னேன். அந்தக் கால்களுக்கு விலங்கு பூட்ட என் கை வரவில்லை. தலை தங்களுடையது. ஆனால் இந்தக் கை இனி வேறொருவர் ஆட்டத்துக்கு முழவைத் தொடாது. கடல்மேல் ஆணை."

முதியவர் குனிந்து வாளை எடுத்துக்கொண்டார். கடலைப் பார்த்தபடி கண்களைத் துடைத்துக்கொண்டார்.

"உன் தலையைக் கேட்க வேண்டியவர் மன்னர். அவர் துங்கபத்திரைக் கரைப் பாசறையில் இருக்கிறார். என் ஓலை போய்த் திரும்ப இருபது நாள் ஆகும்" என்றவர், சற்று நிறுத்திச் சொன்னார்: "கடாரத்துக்கு அடுத்த மரக்கலம் எட்டாம் நாள் புறப்படுகிறது, விடங்கா. முழவை மறந்துவிட்டுப் போகாதே."